பின் சீட்டு பெல்ட்டில் ஒரு மஞ்சள் முடிச்சு

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு என் போன் நம்பர் எப்படித்தான் கிடைக்கிறதோ தெரியவில்லை. நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னமும் வாரத்துக்கு இரண்டு பேராவது கூப்பிடுகிறார்கள். "அண்ணே, வேலைக்குப் போய் வர சின்னதா ஒரு கார் பாத்துருக்கேன், மலிவா வருது. படம் அனுப்பறேன், நல்லதான்னு சொல்லுங்க." படத்தில் எல்லாக் காரும் கல்யாணப் பெண்ணைப் போலத்தான் இருக்கும். நேரில் போய் பானெட்டைத் திறந்தால் தெரியும் சேதி.

போன மாதம் கூப்பிட்டது வேறு ஆள். நான் வேலை பார்த்த குளுவாங் பரிசோதனைக் கூடத்தில் இப்போது என் இடத்தில் இருப்பவர். இனிமேல் எல்லாம் கைப்பேசியில்தானாம். காரைச் சுற்றி வந்து படம் எடுத்தால் போதும், அறிக்கை தானாகத் தயாராகிவிடுமாம். "நீங்க முப்பத்தோரு வருஷம் பாத்தவரு. லிஸ்ட்ல எதையாவது சேக்கணும்னா சொல்லுங்க அண்ணே" என்றார். ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. ஆனால் அதைப் படம் எடுக்க முடியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் கூடத்தின் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய கார் வாங்க நினைப்பவர், விற்பவரையும் காரையும் அழைத்துக்கொண்டு எங்களிடம் வருவார். நாங்கள் ஒரு மணி நேரம் பார்த்து, இரண்டு பக்க அறிக்கை கொடுப்போம். வாங்குவதும் விடுவதும் அவர் பாடு. பணக்காரர்கள் எங்களிடம் வர மாட்டார்கள், அவர்களுக்குப் புதுக் கார் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் தொழிற்சாலை ஷிப்டுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் அலைகிறவர்கள். தப்பான காரை வாங்கினால் இன்னொன்று வாங்க வழியில்லாதவர்கள்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளி முடித்ததும் ஒரு லாரி பட்டறையில் ஆறு வருடம் கிரீஸில் குளித்தேன். அங்கிருந்து இங்கே வந்தேன். என் படிப்பு அவ்வளவுதான். தொழில் என்று நான் கற்றுக்கொண்டது என் மேலதிகாரி ரஹ்மானிடம். எங்களுக்கு அவர் என்சிக் ரஹ்மான், என்சிக் என்றால் மலாயில் ஐயா.

என்சிக் ரஹ்மான் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் மடித்த வெள்ளைத் துணி ஒன்று இருக்கும். யாருடைய காராக இருந்தாலும், உள்ளே ஏறுமுன் செருப்பைக் கழற்றி வெளியே வைப்பார். ஒவ்வொரு கதவைத் திறக்குமுன்னும் விற்பவரைப் பார்த்து, "போலே?" என்று கேட்பார். ஆகுமா என்று மலாயில் அனுமதி கேட்பது. நாலு கதவுக்கு நாலு போலே, பானெட்டுக்கு ஒன்று, பின்னால் டிக்கிக்கு ஒன்று. பார்க்க எனக்குச் சிரிப்பாக வரும். விற்க வந்தவன் வேண்டாம் என்றா சொல்லப்போகிறான்? மனிதருக்கு ரொம்ப மரியாதை என்று நினைத்துக்கொள்வேன். ஒரு காரை மோசம் என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "பெனாட் சுடா" என்பார். களைத்துவிட்டது என்று பொருள். அதைக் கேட்டதும் வாங்க வந்தவர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவருடைய முறை இதுதான். முதலில் உள்ளங்கையை பானெட்டின் மேல் வைக்க வேண்டும். சூடாக இருந்தால், எஞ்சின் தன் காலைச் சிணுங்கலை மறைத்துவிடும். ஆறவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பிறகு கதவுகளைச் சாத்திக்கொண்டு உள்ளே சும்மா உட்கார வேண்டும், ஏசி போடாமல், பேசாமல். ஈரம் காய்ந்த வாடை அப்போது மேலே வரும். எண்ணெய் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அடிப்பக்கம் தேத்தாரே, அதுதான் இழுத்து ஆற்றிய பால் டீ, அதன் மேல் நிற்கிற நுரை மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கண்ணாடிகள் எல்லாவற்றிலும் ஒரே வருடக் குறி இருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கோ அடிபட்டு மாற்றியிருக்கிறார்கள். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழுக்கையாகிவிட்ட காரில் மீட்டர் குறைவாகக் காட்டினால், மீட்டரை நம்பாதே, மிதியை நம்பு. கடைசியாக சீட் பெல்ட். நாலையும் முடிவு வரைக்கும் இழுக்க வேண்டும். காரைக் கழுவலாம், கார்ப்பெட்டை மாற்றலாம். சுருளுக்குள் இருக்கிற கடைசி இரண்டு முழத்தைக் கழுவ யாருக்கும் தோன்றாது. வெள்ளத்தில் மூழ்கிய காரென்றால் அங்கே சேற்றுக் கோடு நிற்கும்.

இந்த முறைப்படி எத்தனையோ பேரை நான் காப்பாற்றியிருக்கிறேன். அந்தக் கதைகளை எழுதினால் எனக்கே தற்பெருமையாக இருக்கும். நான் கவிழ்த்த ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன்.

ஸ்டெல்லா லாயாங் லாயாங் என்ற ஊரைச் சேர்ந்தவள். குளுவாங்கில் ஒரு மருத்துவமனையில் வார்டு உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. ஆறு மாதம் சோதனைக் காலம், காலை ஏழு மணிக்கு ஷிப்டு. ரயிலில் வந்தால் நேரம் ஒத்துவராது. கணவருக்கு சிங்கப்பூரில் வேலை, வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். அக்கம்பக்கத்தில் சவாரி கேட்டு ஓட்டியதில், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு தடவை தாமதம். மூன்று தடவை ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்காகத்தான் கார்.

உறவினர் மூலம் கார் ஒன்று கிடைத்தது. விற்பவர் பெக்கான் நானாஸில் சாலையோரம் அன்னாசிக் கடை போட்டிருந்த முனியாண்டி. ஐம்பது வயதிருக்கும். அவ்வளவு தூரம் அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அதிகம் பேசவில்லை. எங்கள் கொட்டகையின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கு என்சிக் ஜோகூர் பாருவுக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நான்தான் பார்த்தேன்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தேன். தூரத்திலிருந்து ஓடி வந்த கார், பானெட் ஆறும்வரை காத்திருந்தேன். எஞ்சின் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. எண்ணெய் சுத்தம். கதவைச் சாத்தி உள்ளே உட்கார்ந்தேன். கற்பூரமும் ஊதுவத்தியும் மணத்தன. டாஷ்போர்டில் சின்ன முருகன், விபூதிக் கிண்ணம். எங்கள் வீட்டுச் சாமி அறைக்குள் போய் உட்கார்ந்த மாதிரி மனசு இளகிப்போனது. சீட்டுத் தண்டவாளத்தில் துரு இருந்தது. அன்னாசி ஏற்றிய கார், சாறு வடிந்து அரித்திருக்கும் என்று எழுதினேன். முன் பெல்ட் இரண்டும் வயசுக்கு மீறிப் பளிச்சென்று இருந்தன. மாற்றியிருக்கிறார், பொறுப்பான ஆள் என்று நினைத்தேன். பின்னால் வலது பெல்ட் இறுகிப்போய் வெளியே வரவில்லை. பழசு என்று எழுதினேன்.

இடது பின் பெல்ட்டில், அது சுருளுக்குள் போகிற இடத்தில், அங்கிருந்த வளையத்தோடு சேர்த்து, மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு கட்டியிருந்தது. காசு வைத்து வேண்டிக்கொண்டு கட்டுகிற முடிச்சு. அதை அவிழ்க்காமல் பெல்ட்டை இழுக்க முடியாது. கை நீட்டினேன், பிறகு எடுத்துவிட்டேன். யாரோ எதற்கோ சாமியிடம் கேட்டிருக்கிறார்கள். கிரீஸ் கையோடு நான் யார் அதை அவிழ்க்க? என் அம்மா எங்கள் வீட்டு நிலைப்படியில் அப்படி ஒன்று கட்டி வைத்திருந்தாள், தூசு தட்டக்கூட விட மாட்டாள். படிவத்தில் அந்த இறுகின பெல்ட்டையும் சேர்த்து நாலுக்கும் 'சரி' போட்டேன். ஸ்டெல்லாவிடம், "நல்ல கார்மா, தாராளமா எடுத்துக்கலாம்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னமோ செய்கிறது.

ஒரு மாதம் கார் ஒழுங்காக ஓடியது. பிறகு அவளிடமிருந்து போன் வர ஆரம்பித்தது.

"அண்ணே, இடது பக்கம் திருப்பினா ஹாரன் தானா அடிக்குது."

"ஏதாச்சும் வயரு உரசும்மா. அது ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையா? ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல திருப்புறேன், உள்ள ஃபாதர் பிரசங்கம் வெக்கிறாரு, விடாம அடிக்குதுண்ணே! எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க!"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அடுத்த வாரம் கண்ணாடி தானாக இறங்கியது. அதற்கடுத்த வாரம் கார் காலையில் கிளம்ப மறுத்து, இரண்டாவது தாமதம் ஆனது. அப்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை. வயர்கள் ஒவ்வொன்றாக உள்ளுக்குள்ளே அரிக்கிற கார் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

ஒரு மழைக்காலைப் பொழுதில் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் எல்லாம் ஒரேயடியாகப் போயிற்று. விளக்கு, வைப்பர், எஞ்சின் எதுவும் இல்லை. பின்னால் வந்த லாரி எப்படியோ ஒடித்துத் திருப்பியதால் பிழைத்தாள். அவள் போன் செய்து நான் போய்ச் சேர்ந்தபோது, குடையில்லாமல் சாலை ஓரத்தில் வேலைச் சீருடையில் நின்றுகொண்டிருந்தாள்.

"மணி என்னண்ணே?"

"ஆறே கால்."

"ஏழுக்குள்ள கொண்டு போய் விட்டுருவீங்களா? இன்னிக்கு விட்டா போச்சு."

விட்டேன். ஏழுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது அவள் மருத்துவமனை வாசலில் இறங்கி ஓடினாள். அவள் உடையிலிருந்து சீட்டில் வடிந்த மழைத் தண்ணீரை நான் துடைக்கவே இல்லை.

அந்தக் காரைக் கூடத்துக்கு இழுத்து வந்தோம். மாலையில் ஷிப்டு முடிந்து ஸ்டெல்லாவும் வந்தாள். நான் பின் கதவைத் திறந்து முடிச்சின் மேல் கை வைத்தேன். அவள் பதறிவிட்டாள்.

"அத அவுக்காதீங்கண்ணே. யாரோ வேண்டிக்கிட்டது. நானே இத்தன நாளா தொடல."

வேதக்காரப் பெண். அவளுக்கும் என்னைப் போலவே கை வரவில்லை. என்சிக் ரஹ்மான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்தார். விஷயத்தை மலாயில் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "கட்டினவர் இருக்கிறாரா?"

இருந்தார். போன் போட்டேன். "நீங்க அவுக்க வேணாம் சார், நானே வரேன்" என்றார் முனியாண்டி. மறுநாள் மாலை மோட்டார் சைக்கிளில் வந்தார். மூன்று அன்னாசிப் பழங்களைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

என்சிக் அவரைப் பார்த்து, வழக்கம்போல, "போலே?" என்று கேட்டார். காரின் சொந்தக்காரர் இப்போது ஸ்டெல்லா. ஆனாலும் அவரிடம்தான் கேட்டார். முனியாண்டி பையைக் கீழே வைத்தார். பிறகு, யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"என் சம்சாரத்துக்குக் கிட்னி போச்சுங்க. வாரத்துக்கு மூணு நாளு ரத்தம் சுத்தம் பண்ண கூட்டிட்டுப் போவணும். ஒரு பெரிய மழையில வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. காரும் சீட்டு வரைக்கும் முங்கிப்போச்சு. இது ஓடலன்னா அவளுக்கு வழியில்ல. மச்சான் பட்டறையில வெச்சு கார்ப்பெட்டு, முன் பெல்ட்டு எல்லாம் மாத்திக் குடுத்தாரு. நான் இத கட்டுனேன். வண்டி ஓடணும், அவ நல்லாவணும்னு. வண்டி ஓடுச்சு சார். ரெண்டு வருஷம் ஓடுச்சு. அவதான்..."

விரலால் முடிச்சைத் தொட்டார்.

"வேண்டுதல் பலிச்சா கோயிலுக்குக் கொண்டு போய் அவுக்கணும். பலிக்காத வேண்டுதல எங்க வெச்சு அவுக்கறதுன்னு எனக்குத் தெரியல. அதான் அப்படியே வித்துட்டேன்."

அவரே குனிந்து அவிழ்த்தார். பல் வைத்துத்தான் அவிழ்க்க முடிந்தது. உள்ளே ஒரு ஐம்பது காசு, பச்சை பிடித்துப்போய். அதை சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விலகி நின்றார். நான் பெல்ட்டை இழுத்தேன். ஒரு முழம் சுத்தமாக வந்தது. அடுத்த முழத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் காய்ந்த சேறு. நகத்தால் சுரண்டினால் மண்ணாக உதிர்ந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். "தண்ணியில முங்குனத ஏன்யா அன்னிக்கே சொல்லல?" என்று கத்தினேன்.

முனியாண்டியின் முகம் செத்துப்போனது. "நீங்க ஆபீசரு. ஒரு மணி நேரம் பாத்தீங்க. பாத்துட்டு நல்ல கார்னு சொன்னீங்க. நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க, பரவால்லன்னுதான் சொல்றீங்கன்னு நெனச்சேன் சார். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க ஒண்ணுமே கேக்கலையே."

நான் ஸ்டெல்லா பக்கம் திரும்பினேன், அவளாவது அவரை நாலு வார்த்தை கேட்கட்டும் என்று. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர விடுங்கண்ணே. அவரு பொண்டாட்டிய பறிகொடுத்துட்டு நிக்கிறாரு. பாக்கச் சொல்லி நான் காசு குடுத்தது உங்ககிட்ட."

முப்பத்தோரு வருடத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். மலாயில், சீனத்தில், தமிழில் என்று எல்லா மொழியிலும் வாங்கியிருக்கிறேன். இந்த அளவுக்கு எதுவும் சுட்டதில்லை. அவள் குரலை உயர்த்தக்கூட இல்லை.

என்சிக் என்னைத் திட்டவில்லை. அலுவலகத்துக்குள் கூப்பிட்டு, வெற்றுப் படிவம் ஒன்றை என் முன்னால் வைத்தார். "அதே கார். மறுபடி எழுது, மாரி" என்றார். முதல் வரியிலிருந்து எழுதினேன். சீட்டுத் தண்டவாளத் துரு: வெள்ளம். புது முன் பெல்ட்: வெள்ளம். இறுகிய வலது பெல்ட்: வெள்ளம். கற்பூர வாசனைக்குப் படிவத்தில் இடமில்லை. எழுதி முடித்ததும் அவரும் கையெழுத்துப் போட்டார், ஊரிலேயே இல்லாத நாளின் தவறுக்கு. பிறகு சொன்னார். "சாமிக்கு மரியாதை கொடுத்தாய். நல்லது. ஆனால் கட்டினவரிடம் 'போலே?' என்று ஒரு வார்த்தை கேட்டாயா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமாக அவர் கதவுக்குக் கதவு கேட்டது வெறும் மரியாதை இல்லை. கேட்டால் மனிதர்கள் பேசுவார்கள். கதவைத் திறக்க அனுமதி கொடுக்கிறவர், அந்தக் கதவைப் பற்றி இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லாமல் இருக்க மாட்டார். நான் அதை மனிதரின் கூச்சம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். அவருடைய தொழிலே அதுதான்.

முனியாண்டி காரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பணம் முழுசாக அவரிடம் இல்லை, இருந்ததைக் கொடுத்தார். மீதியை நான் போட்டேன். அந்தக் கணக்கை இங்கே எழுத வேண்டியதில்லை. போகும்போது அன்னாசிகளை ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். வாங்க மாட்டாள் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டாள்.

அடுத்த கார் கிடைக்க ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் அதிகாலை ஐந்தேகாலுக்குக் குளுவாங்கிலிருந்து கிளம்பி, லாயாங் லாயாங் போய், அவளை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். முதல் வாரம் அவள் என்னோடு பேசவில்லை. பின் சீட்டில்தான் உட்கார்ந்தாள். இரண்டாவது வாரம், "அண்ணே, உங்க காரு ஏசி ஏன் இப்படி கத்துது? இதயெல்லாம் பாக்க மாட்டீங்களா?" என்றாள். அன்றைக்கு எனக்கு உயிர் வந்தது. மூன்றாவது தாமதம் வரவே இல்லை. வேலை நிரந்தரமானது.

இரண்டாவது கார் பதினைந்து வயதுக் கிழம். மெர்சிங் படகுத்துறையில் வேலை பார்த்த ஒருவருடையது. கடல் காற்று பட்டு அடிப்பாகத்தில் துரு இருந்தது. நான் ஒவ்வொரு கதவுக்கும் 'போலே?' கேட்டேன். அவரும் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு குறையைச் சொன்னார். எல்லாம் தெரிந்துதான் ஸ்டெல்லா வாங்கினாள். என்சிக்கே அதைப் பார்த்து, "கொஞ்சம் பெனாட்" என்றார். அந்தக் கொஞ்சம் பதினோரு வருடம் தாங்கியது.

பதினோரு வருடம் என்று எப்படித் தெரியும் என்றால், என் கடைசி வாரத்தில் அந்தக் கார் எங்கள் கூடத்துக்கு வந்தது. ஓட்டி வந்தது ஸ்டெல்லாதான். தலையில் கொஞ்சம் நரை. வார்டில் இப்போது அவள் பெரியவள், ஷிப்டுக்குத் தாமதமாக வருகிறவர்களின் பெயரை எழுதுவதே அவள்தானாம். வாங்க வந்தவர்கள் புதுசாகக் கல்யாணம் ஆன இரண்டு பேர், இருவருக்கும் செனாயில் தொழிற்சாலை வேலை. ஸ்டெல்லா கைப்பையிலிருந்து பள்ளி நோட்டுத் தாள் ஒன்றை எடுத்து, என்னிடம் இல்லை, அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். அந்தப் பெண் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

மத்தியானத்தில் ஏசி குளிராது. இடது பின் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். ஒரு தடவை ரிவர்ஸில் தூணில் இடித்தேன், பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறேன், பம்பருக்கு அடியில் கை விட்டால் தெரியும். எண்ணெய் குடிக்கும், மாதம் ஒரு முறை பார்க்கவும். அடியில் துரு, வாங்கும்போதே இருந்தது. இப்படிப் பக்கம் முழுக்க, மேலிருந்து கீழ் வரை, ஒன்றையும் பூசி மெழுகாமல்.

எனக்குக் கண் கலங்கியது. மூக்குக் கண்ணாடியைத் துடைப்பது போல் திரும்பிக்கொண்டேன். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இடது பின் கதவருகே போனேன். என்சிக் ரஹ்மான் அப்போது உயிரோடு இல்லை. அவர் கேட்கிற மாதிரியே அவளைப் பார்த்துக் கேட்டேன்.

"போலே?"

அவள் வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டாள். "கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கண்ணே" என்றாள்.

இழுத்தேன்.